வீட்டுக்கொரு அயர்லாந்து

மாரம்மா அக்காவின் மொபெட் டேங்கில் ஒரு செம்மறியாடு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி, ஷிப்டு முடிந்த அலுப்பில் சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். வெள்ளை உடம்பு, கறுப்பு முகம், கழுத்தில் பச்சை மப்ளர், காலடியில் ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர். அந்த ஆட்டை எனக்குத் தெரியும். கால்வே என்கிற ஊரில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, என் வீட்டுக்காரர் வாங்கிய காந்த பொம்மை அது. வாங்கும்போது நான் வீடியோ காலில் கூடவே இருந்தேன். கறுப்பு மூஞ்சி வேண்டாம், வெள்ளை மூஞ்சியை எடுங்கள் என்றேன். வெள்ளை மூஞ்சி ஆடு திருட்டு முழி முழிக்கிறது என்று சொல்லி இதைத்தான் எடுத்தார். அயர்லாந்தில் ஒரு பிரிட்ஜ் கதவில் இருக்க வேண்டிய ஆட்டுக்கு, பர்கூர் பக்கத்தில் புளிமூட்டை ஏற்றும் மொபெட்டில் என்ன வேலை?

“என்னா அருணா அப்படிப் பாக்குற? உன் மாமியா குடுத்தாங்கோ,” என்றாள் மாரம்மா அக்கா. “உன் வீட்டுக்காரன் எல்லா வூட்டுக்கும் அனுப்பியிருக்கறானாமே. வண்டியில வெச்சேன், கெட்டியா புடிச்சிக்கிச்சு. நல்ல ஆடு.”

எல்லா வீட்டுக்கும் என்று அவள் சொன்னதும் மீதி வழியை ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன்.

ஹரீஷ்குமார் எங்களுக்குக் கல்யாணமான நான்காவது மாதமே அயர்லாந்தில் லிமரிக் என்ற ஊருக்கு மேல்படிப்புக்குப் போனார். ஒரு வருடப் படிப்பு. முடித்தவர்கள் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே தங்கி வேலை தேடலாம். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்துவிட்டால் மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இதுதான் எங்கள் திட்டம். அதுவரை நான் மாமனார் மாமியாரோடு இருந்துகொண்டு போச்சம்பள்ளி கம்பெனியில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் லைனில் நிற்பது, அவர் அங்கே எங்கள் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. வீடு என்றால் சுவரும் கூரையும் இல்லை. எந்த ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனாலும் கடையில் ஒரு சாமானும் தரையில் ஒரு சாமானும் எடுத்து வருவார். கடையில் எடுப்பது பெரும்பாலும் காந்த பொம்மை. தரையில் எடுப்பது கூழாங்கல், சிப்பி, உதிர்ந்த இலை, படகுச் சீட்டு, எது கிடைக்கிறதோ அது. மோஹர் என்ற இடத்தில் கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறைகளைப் பார்க்கப் போனபோது, வேலிக் கம்பியில் சிக்கியிருந்த ஆட்டு ரோமத்தை ஒரு கைப்பிடி பிய்த்து வந்தார். காற்றில் அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. ரோமத்தை மட்டும் கேமராவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார். நான் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி அட்லாண்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லாமல் அந்த நாட்டில் நான் பார்க்காத இடம் பாக்கி கிடையாது.

போட்டோ எடுக்கும்போதும் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கோட்டையோ பாலமோ எதன் முன்னால் நின்றாலும் ஓரமாகத்தான் நிற்பார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருப்பார். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு ருக்ஸார் இதைப் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுக்காரருக்கு நிக்கவும் தெரியல, எடுக்கறவனுக்கு எடுக்கவும் தெரியல,” என்று கேலி செய்வாள். அது யாருக்கான இடம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பஸ் முழுக்க ஓட்டித் தள்ளியிருப்பார்கள்.

இது எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு கோப்பைகள் இருந்தன. லிமரிக் போன புதிதில் சனிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை, கையால் செய்த மண் கோப்பைகள். நீலம் அவருக்கு, பச்சை எனக்கு. நீ வந்து குடிக்கும் வரைக்கும் பச்சையை யாரும் தொடக்கூடாது என்று ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டார். வீடியோவில் பேசும்போதெல்லாம் அவர் தோளுக்குப் பின்னால் அது தெரியும். தூசி படிந்திருக்கிறது, துடையுங்கள் என்பேன். சட்டை நுனியால் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பார். மூன்று வருடத்தில் எங்களுக்கென்று இருந்த குடித்தனம் அந்த ஜன்னல் கட்டை ஒன்றுதான்.

வீட்டுக்குள் போனால் கூடத்தின் நடுவில் அட்டைப்பெட்டி வாய் பிளந்து கிடந்தது. பக்கத்தில் குங்குமத் தட்டு. என் மாமியார் கெம்பம்மா காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“மத்தியானம் கிருஷ்ணகிரியில இருந்து ஜுபைர் தம்பி வந்து குடுத்துட்டுப் போச்சு. அங்க இவன் கூடப் படிச்ச பையனாம்,” என்றார். “தட்டுல வெச்சு பங்காளி வூட்டுக்கெல்லாம் குடுத்து முடிச்சிட்டேன். இப்பதான் உக்காந்தேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா அத்தை?”

“உன்னை என்னாத்துக்குக் கேக்கறது? தர்மஸ்தலா போயிட்டு வந்தாவே வூட்டுக்கு ரெண்டு வளையலு குடுக்கறோம். அவ்ளோ தூரம் போனவன் அனுப்பினதைப் பொட்டியில பூட்டி வெச்சா நாலு பேரு என்னா பேசுவாங்கோ?”

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். எங்கள் பக்கத்தில் திருப்பதியோ தர்மஸ்தலாவோ போய் வந்தவர்கள் கை வீசிக்கொண்டு ஊருக்குள் நுழைய மாட்டார்கள். லட்டோ கயிறோ வளையலோ, பங்காளி வீடுகளுக்குப் பங்கு போயே ஆகவேண்டும். வாங்கிக்கொள்பவர்களுக்கும் புண்ணியத்தில் பங்கு என்று ஒரு கணக்கு. என் மாமியாருக்கு அயர்லாந்தும் ஒரு தூரத்துக் கோயில். மகன் அங்கே பல ஊர்களைச் சுற்றி வந்திருக்கிறான், ஊருக்கு ஒன்றாக எடுத்தும் வைத்திருக்கிறான். இதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும் அவருக்கு?

“காகிதம், இலையெல்லாம் இருந்திருக்குமே?”

“அந்தக் குப்பையா? எருக்குழியில போட்டேன். அதுல ஆட்டு மயிரு வேற ஒரு கை இருந்துச்சு. அங்கருந்து எதுக்குடி ஆட்டு மயிரு? நம்மூர்ல இல்லாத ஆடா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கொல்லைக்குப் போய் எருக்குழி மேட்டில் நின்று பார்த்தேன். சாணியும் கோழி இறகும் மாங்கொட்டையுமாகக் கிடந்தது. கோழி இறகு எது, மோஹர் பாறையின் ஆட்டு ரோமம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. படகுச் சீட்டு ஒன்று மட்டும் மேலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் துணிக்கொடியில் கிடந்த துண்டால் துடைக்கப் பார்த்தேன், கிழிந்துவிட்டது. அப்போதுதான் அழுகை வந்தது. அவர் எதற்காக எல்லாவற்றையும் அனுப்பினார் என்று யாருமே கேட்கவில்லை. அங்கே ஒரு வீடு வரும் என்று நம்புகிறவன் அந்த வீட்டுச் சாமானைப் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்புவானா?

கொஞ்ச நாளாகவே நெட் சரியில்லை என்று வீடியோவை நிறுத்தியிருந்தார். கடைசியாக வந்த போட்டோவில், ஏதோ ஒரு மணிக்கூண்டின் முன்னால், நட்ட நடுவில் நின்றிருந்தார். அன்றைக்கே எனக்கு உறுத்தியது. எடுத்தவன் அப்படி எடுத்திருப்பான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்று அவருக்கு நான் போன் செய்யவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். கோப்பைகள் பெட்டியில் வந்தனவா இல்லையா என்று பார்த்துவிடுவது. மற்றதெல்லாம் வந்திருக்கட்டும், கல்லும் காந்தமும் அறையில் இடத்தை அடைக்கிறது என்று அனுப்பியிருக்கலாம். பச்சைக் கோப்பை அந்த ஜன்னலில் இருந்தால் எனக்கு அங்கே இடம் இருக்கிறது. இல்லையென்றால் இல்லை. மாமியாரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் ஷிப்டு முடிந்து வந்ததும் வீடு வீடாக ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

ஒரு வீட்டில் கருவேப்பிலை கேட்டேன். அவர்கள் பீரோவில் டப்ளின் கோட்டை ஒட்டியிருந்தது, கோட்டைக்குப் பக்கத்தில் ரேஷன் கார்டு நகல். இன்னொரு வீட்டில் கன்றுக்குட்டியின் கழுத்தில் திருஷ்டிக் கயிற்றோடு சிப்பி ஆடிக்கொண்டிருந்தது. அரான் தீவில் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, குளிரில் கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கி அவர் எடுத்த சிப்பி அது. கன்று அதை நக்கப் பார்த்து நக்கப் பார்த்துத் தோற்றது. பூவம்மாள் பாட்டி வீட்டில் கூழாங்கல் சாமி அலமாரிக்கே ஏறிவிட்டது. சந்தனம், குங்குமம், ஒரு துண்டு மல்லிகை.

“அந்த ஊரு சாமிக் கல்லாமே கண்ணு? எந்த சாமி?” என்று கேட்டார்.

அது ஷானன் ஆற்றங்கரையில், வேலைக்கு விண்ணப்பித்து முதல் தடவை பதில் வந்த அன்று, அவர் எடுத்தது. வருந்துகிறோம் என்று வந்த பதில் அது. அடுத்த தடவை சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே கல்லைச் சட்டைப் பையில் போட்டார். “ஆத்து சாமி பாட்டி,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எந்த வீட்டிலும் கோப்பை இல்லை. ஜுபைருக்குப் போன் செய்து கேட்டேன். “நான் பிரிக்கல சிஸ்டர். டேப் போட்டுத்தான் குடுத்தான். ஏர்போர்ட்ல எடை மட்டும் பாத்தேன்,” என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்ககிட்ட சரியா பேசறானா சிஸ்டர்?” என்று கேட்டான். நல்லாத்தான் பேசறார் என்று போனை வைத்தேன். அந்தக் கேள்வியை நான் அன்றைக்கு மனதுக்குள் ஏற்றிக்கொள்ளவில்லை. கோப்பை வரவில்லை. எனக்கு அது போதும்.

சனிக்கிழமை முழுக்க நான் நானாக இல்லை. லைனில் பசை வாசனை தலைக்கு ஏறவில்லை. பஸ்ஸில் ருக்ஸாருக்கு நானே கடலை மிட்டாய் வாங்கிக்கொடுத்தேன். “என்னா விசேஷம்? டிக்கெட் வந்துடுச்சா?” என்று கேட்டாள். வரும் வரும் என்றேன். இறங்கும்போது மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். நம்பிக்கைக்கு வெட்கமே கிடையாது, ஒரு சின்ன இடுக்கு கிடைத்தால் புகுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து மாமியாருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவரும் நல்ல மனநிலையில் இருந்தார். மாமனார் நாராயணப்பன் மாந்தோப்பில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் மாமியாருக்கு ஞாபகம் வந்தது.

“ஏம்மா, உங்கம்மா போன் போட்டாங்களா? அன்னிக்கே இவரு மத்தூரு பக்கம் போனாரு, குடுத்து அனுப்பிட்டேன். பொட்டியில இருந்ததுல அதுதான் பெரிய சாமானு. சம்பந்தி வூட்டுக்குப் போயி காந்தத்தையா குடுக்க முடியும்?”

“என்னா சாமான் அத்தை?”

“பச்சைக் கலர்ல ஒரு லோட்டா. புடியெல்லாம் வெச்சு நல்லா கனமா இருந்துச்சு.”

ஒன்றா இரண்டா என்று கேட்டேன். ஒன்றுதான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தூர் போனேன். என் அம்மா நாகம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் உதவியாளர். அப்பா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து டிவி ஸ்டாண்டுக்கு இழுத்துப் போனாள். நடுநாயகமாகப் பச்சைக் கோப்பை. அதில் பிளாஸ்டிக் ரோஜா சொருகியிருந்தது.

“எனக்குன்னே மாப்பிள்ளை அனுப்பியிருக்கறாரு. மத்தவங்களுக்கெல்லாம் சின்னச் சின்னச் சாமானாம். டீச்சருங்க வந்து பாத்துட்டுப் போனாங்கோ,” என்றாள். “உன்னைக் குடுத்த எடம் சோடை போகலடி.”

ரோஜாவை எடுத்துவிட்டுக் கோப்பையைத் திருப்பினேன். அடியில் விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது. மூன்று வருடம் திரையில் மட்டுமே பார்த்த சாமான். நினைத்ததைவிடக் கனம். விளிம்பில் ஒரு இடத்தில் செய்தவரின் விரல் பதிந்த பள்ளம் இருந்தது, அது வீடியோவில் தெரிந்ததே இல்லை. அம்மா கோழி வாங்கக் கடைக்குப் போனதும் வாசலுக்கு வந்து அவருக்குப் போன் செய்தேன். இரவு வேலை முடிந்து தூங்கியிருப்பார். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார்.

“பச்சைக் கப்பு வந்துடுச்சு,” என்றேன்.

“உடையாம வந்துச்சா?” என்றார்.

“வந்துச்சு. உங்க கப்பு?”

“இங்க இருக்குது.”

“அதை ஏன் அனுப்பல?”

“குடிக்க ஒண்ணு வேணுமில்ல.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில், உள்ளதைச் சொன்னார். அதற்கப்புறம் அவரே பேசினார். இன்னும் குடோனில் பெட்டி தூக்குகிற வேலைதான், அதற்கு மனைவியைக் கூப்பிட விட மாட்டார்கள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவே இல்லை. சித்திரை தாண்டினால் இருக்க முடியாது. போர்ச்சுகலில் ஒரு பையன் இருக்கிறான், அங்கே போய் எப்படியாவது இருந்துகொள்ளலாம் என்கிறான். “தெனமும் அந்தக் கப்பைப் பாத்துக்கிட்டே டீ குடிக்க முடியல அருணா. நீ எதிர்ல உக்காந்து கேக்கற மாதிரியே இருக்குது,” என்றார்.

“ஊருக்கு வந்துடுங்க. போச்சம்பள்ளியில இல்லாத வேலையா? ஓசூர்ல இல்லாத வேலையா? நானும் சம்பாதிக்கறேன். வந்துடுங்க.”

“வந்து? ஊர்ல எல்லா வூட்லயும் நான் அனுப்பினதை வெச்சிருக்கறாங்கன்னு அம்மா சொன்னாங்கோ. அந்த ஊருக்குள்ள நான் எப்படி நடந்து வருவேன்?”

சாமி அலமாரியில் ஏறிய கல்லை யார் இறக்குவது?

“நீ கொஞ்ச நாள் உங்கம்மா வூட்லயே இரு,” என்றார்.

“எத்தனை நாள்?”

அங்கே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“சரி, உங்க அப்பா அம்மாகிட்ட யாரு சொல்றது?”

“நீயே சொல்லிடு. கொஞ்சம் பக்குவமா.”

கல்யாணமான நாளில் இருந்து அவரை நான் ஒரு மரியாதை குறைந்த வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அவரும் அழுகிறார் என்று தெரிந்ததும் இன்னும் ஆத்திரம் வந்து போனை அணைத்தேன். அம்மா கோழியோடு வந்து, கண்ணு ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். உன் மாப்பிள்ளையோடு பேசினேன் என்றேன். அவளாக ஒன்றைப் புரிந்துகொண்டு சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். நான் எதுவும் சொல்லவில்லை. மாமியார் வீட்டிலும் இதுவரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் டிரைவர் வெள்ளைச்சாமி அண்ணனுக்குப் போன் செய்து, மத்தூர் கூட்ரோட்டிலேயே ஏறிக்கொள்கிறேன் என்று சொன்னேன். பஸ் வந்து நின்றது. ருக்ஸார் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் படியில் கால் வைத்ததும் வெள்ளைச்சாமி அண்ணன் கையை நீட்டி நிறுத்தினார்.

“உன் ஒருத்திக்காகத்தான்மா பர்கூர் பக்கம் உள்ள வரைக்கும் வண்டியைத் திருப்பறேன். இன்னிக்கு நீ இல்லைன்னதும் நேரா வந்துட்டேன், கால்மணி நேரம் மிச்சம். ஆபீஸ்ல டீசல் கணக்கு கேக்கறாங்கோ. நாளையில இருந்து நீ எங்க ஏறுவ, அங்கியா, இங்கியா? ஒண்ணு சொல்லிடு.”

பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ருக்ஸார் கடலை மிட்டாய் ஞாபகத்தில் சிரித்து, “அவங்க நேரா ஏர்போர்ட்லதான் ஏறுவாங்கண்ணா,” என்றாள். பின்னால் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஒரு கால் ரோட்டிலும் ஒரு கால் படியிலுமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைச்சாமி அண்ணன் கியரில் கையை வைத்தபடி, நான் வாயைத் திறப்பதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.